பீட்டு போட்டவன் பேரு என்னங்க?

கொடைக்கானல்னதும் உங்களுக்கு எந்தப் பாட்டு ஞாபகம் வருதுன்னு சொல்லுங்க, உங்க வயச நான் சொல்றேன். 'குணா' பாட்டுன்னா நாப்பதத் தாண்டியாச்சு. 'மஞ்சும்மல் பாய்ஸ்' பார்த்துட்டுதான் அந்தப் பாட்டையே கேட்டேன்னா நீங்க ரீல்ஸ் செட்டு. சோஃபியா அஷ்ரஃபோட 'கொடைக்கானல் வோன்ட்'ன்னா என் செட்டு. அது வந்தப்ப நான் காலேஜ்ல சேர்ந்த புதுசு.

இந்தக் கடைசி பாட்டுலேருந்து ஆரம்பிக்கிறேன். கொடைக்கானல்ல இந்துஸ்தான் லீவர் கம்பெனியோட தெர்மாமீட்டர் ஃபேக்டரிய பாதரசக் கழிவு விவகாரத்துல 2001ல மூடினாங்க. தொழிலாளிங்க வருஷக்கணக்கா நியாயம் கேட்டுட்டு இருந்தாங்க, ஊரு உலகம் கண்டுக்கல. 2015 ஜூலை கடைசில இந்த ராப் வீடியோ வந்துச்சு, பத்திக்கிச்சு. 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளிங்களோட கம்பெனி உடன்படிக்கை போட்டுது. பாட்டு மட்டுமே காரணம்னு சொன்னா பதினஞ்சு வருஷம் போராடினவங்களுக்கு துரோகம், ஆனா பாட்டுக்கும் பங்கு இருக்கு.

அந்தப் பாட்டோட இசை நிக்கி மினாஜோட 'அனகோண்டா'வோடது (2014). நிக்கியே ட்விட்டர்ல அதப் பகிர்ந்தாங்க, அதனால பிரச்சினை இல்லாம போச்சு. இன்னொரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. 'அனகோண்டா'வே சர் மிக்ஸ்-எ-லாட்டோட 1992 பாட்டை சாம்பிள் பண்ணி செஞ்சதுதான். ஆனா பாடலாசிரியர் பட்டியல்ல அவரோட நெஜப்பேரு ஆந்தனி ரே இருக்கு. எடுத்தாங்க, பேரும் போட்டாங்க.

சோஃபியா மேல எனக்குக் கோவம் இல்ல. அந்தப் பாட்டைச் சாக்கா காட்டி "நல்லா பரவுதுல்ல, அப்புறம் என்ன காப்பிரைட்டு"ன்னு பேசறவங்க மேலதான் கோவம். நிக்கி மினாஜுக்கு ஒரு பீட்டு போனா பத்து வக்கீல் இருக்காங்க. வத்தலக்குண்டுல இருக்கற என் ஹாஸ்டல் நண்பனுக்கு யாரு இருக்கா?

பய பகல்ல வேற வேலை, ராத்திரில ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு பீட்டு போடுவான். பண்ணைக்காட்டுல ஒரு டீக்கடைத் தகரக் கூரை மேல மழை விழற சத்தத்த மொபைல்ல புடிச்சு, அத நறுக்கி நறுக்கி ஹை-ஹேட் மாதிரி கோர்த்து ஒரு பீட்டு பண்ணான். கேட்டா மலையேறற பஸ்ல ஜன்னலோரம் உக்காந்த மாதிரி இருக்கும். "காசு பண்ணாத வேலைக்கு இலவசம், பேர் போடணும், காசு பண்ணா எங்கிட்ட கேளுங்க"ன்னு தெளிவா எழுதி ஏத்தினான். ஆறே மாசம். ஒரு ரிசார்ட் விளம்பரத்துல அது ஓடுது. பேரு இல்ல, கேள்வி இல்ல. ஆரம்பத்துல வர்ற குரல் டேக்கை மட்டும் பொறுப்பா வெட்டி எடுத்துருக்காங்க. தகரத்த வெட்ட முடியல, அதான் மாட்டிக்கிட்டாங்க. கேட்டதுக்கு வந்த பதில்: "உங்களுக்கு எக்ஸ்போஷர்தான ப்ரோ?"

எக்ஸ்போஷர வச்சு கரண்ட் பில்லு கட்ட முடியுமாய்யா?

நான் பொட்டி தட்டுறவன். எங்க ஆபீஸ்ல ஓசில கெடைக்கற ஒரு லைப்ரரிய கோடுல சேர்க்கணும்னா கூட ஜிபிஎல்லா, எம்ஐடியான்னு பார்த்து, லீகல் ஆளுங்க தலையாட்டினாதான் உண்டு. இலவசம்னா நிபந்தனை இல்லைன்னு அர்த்தம் இல்லைங்கறது எங்களுக்கு முதல் நாள் பாடம். இசைன்னு வந்தா மட்டும் அது ரோட்டோர பம்பு தண்ணியா?

சட்டம் ஒண்ணும் மோசமில்ல. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி பீட்டை உருவாக்கி பதிவு பண்ண அந்த நொடியே உரிமை அவனோடது. ரெஜிஸ்டர் பண்றது கட்டாயமில்ல, பண்ணா சாட்சிக்கு உதவும். வாய்வார்த்தையா "எடுத்துக்கோ மச்சி"ன்னா உரிமை கைமாறாது, எழுதி கையெழுத்து வேணும். எழுதினதுல காலம் போடலன்னா அஞ்சு வருஷம்தான், இடம் போடலன்னா இந்தியாவுக்குள்ளதான். 2012 திருத்தத்துக்கு அப்புறம் இசையமைச்சவன் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துட்டுப் போகவும் முடியாது. வெறும் டும்-தக் தாளம் யாருக்கும் தனிச் சொத்து இல்ல, அது வேற. அவன் கோர்த்த இசையும் அந்த ரெக்கார்டிங்கும் அவன் சொத்து.

ஓட்டை எங்கன்னா அமல்படுத்தறதுல. புகார் கொடுத்தா 36 மணி நேரத்துல தளம் அத மறைக்கணும், சரி. ஆனா 21 நாளுக்குள்ள கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வரலன்னா திரும்பத் தொறந்து விட்டுரலாம். 21 நாள்ல கோர்ட் ஆர்டராம்! நம்ம ஊர்ல வாய்தாவே அதத் தாண்டிதான் வரும்.

யூடியூப் கதை இன்னும் கொடுமை. கன்டென்ட் ஐடிங்கற தானியங்கி காவல்காரன் பெரிய கம்பெனிங்களுக்குத்தான் நேரடியா கெடைப்பான். பல பேருக்கு லைசென்ஸ் கொடுத்த பீட்டை அதுல சேர்க்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. ஆனா பீட்டை எடுத்து மேல ராப் பண்ண ஒருத்தன் விநியோகஸ்தர் மூலமா முழுப் பாட்டையும் அதுல சேர்த்துட்டான்னா என்ன ஆகும்? க்ளெய்ம் பீட்டு போட்டவன் சேனலுக்கே வரும். திருடன் வந்து வீட்டுக்காரன்கிட்ட வாடகை கேக்கற கதை. என் நண்பனுக்கு அதுவும் நடந்துச்சு.

இதச் சொன்னா உடனே இளையராஜாவ இழுத்துட்டு வருவாங்க. 2024 மே மாசம் 'மஞ்சும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கு அவர் நோட்டீஸ் அனுப்பினப்ப எத்தனை பேரு "பேராசை"ன்னு எழுதினீங்க? படத்துல பேரைப் போட்டது அனுமதி ஆகாதுன்னு அவர் தரப்பு, ஆடியோ கம்பெனிங்ககிட்ட முறையா உரிமை வாங்கிட்டோம்னு அவங்க தரப்பு. யாரு ஜெயிக்கணும்னு நான் பேச வரல. குணா குகைப் பாட்டு இல்லாம அந்தப் படத்தோட கிளைமாக்ஸ் நிக்குமான்னு மட்டும் யோசிங்க. அவரு கேட்டா பேராசை, சின்னப் பையன் கேட்டா "யாருடா நீ". அப்ப யாருதான் கேக்கறது? 2021ல உலகமே ஆடின 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு 2024 வரைக்கும் ஒரு பைசா வரலன்னு சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டு சொன்னாரு. அவருக்கே அப்படின்னா...

பதிவுலக மக்களே, உங்களுக்கு இது புரியாம இருக்காது. நாம ராத்திரி முழுக்க முழிச்சு எழுதினத எவனோ சுட்டு, அடியில 'நன்றி: இணையம்'னு போட்டப்ப என்ன குதி குதிச்சோம்! இணையம்னு ஒரு அண்ணாச்சி உக்காந்து எழுதறாரான்னு கேட்டு எத்தனை பதிவு! அப்புறம் அடுத்த குறும்படத்துக்கு பின்னணி இசைய எங்கேருந்து எடுத்தீங்க? ஒரு மெயில் போட்டுக் கேட்டீங்களா?

பி.கு: நான் வக்கீல் இல்ல. அந்தக் கன்டென்ட் ஐடி க்ளெய்ம எதிர்த்து நண்பன் டிஸ்ப்யூட் போட்டுருக்கான். எதிராளி பதில் சொல்ல 30 நாள் டைம். இன்னிக்கு 19ஆவது நாள், இதுவரைக்கும் பதில் இல்ல. ரிசார்ட் விளம்பரம் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.