மூன்றாம் நாள் வந்த முதுகுவலி

கோடை விடுமுறையில் பத்து நாள் தரங்கம்பாடியில் அக்கா வீட்டில் இருந்துவிட்டுச் சென்னை திரும்பினோம். பையைத் திறந்தால் பாதி துணி, பாதி மணல்! ஈரத்தோடு உதறினால் மணல் போகாது. வெயிலில் காய வைத்து உதறி, உப்புப் போக ஒரு தடவை வெறும் தண்ணீரில் அலசி, அப்புறம்தான் சோப்புப் போட்டேன்.

அதற்கும் முந்திச் செய்த வேலை ஒன்று உண்டு. பூட்டிக் கிடந்த வீட்டில் பக்கெட், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிஜ்ஜின் பின்புறத் தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவினேன். டெங்குக் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய பத்து நாள் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது.

இரண்டே நாளில் வீடு பழையபடி ஒழுங்குக்கு வந்தது. மூன்றாம் நாள் என் முதுகுவலியும் வந்தது! அக்கா வீட்டில் இருந்தவரை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கடல் காத்து உனக்கு ஒத்துக்குது" என்றார் இவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே மிச்ச ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தேன். சின்னவள் வந்து, "ஏம்மா, பெரியம்மா வீட்ல எங்களோட உக்காந்து சாப்ட்டியே, இங்க மட்டும் ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடறே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

படுத்தபடி யோசித்தேன். அங்கே, "நீயும் உக்காருடி, சோறு ஆறுது" என்று அக்கா கையைப் பிடித்து உட்கார வைப்பாள். மத்தியானம் அரைமணி கண்ணயர்வேன். சாயங்காலம், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடப்போம். கடலை இங்கே கொண்டுவர முடியாது, சரி. மற்ற மூன்றையும் யார் தடுத்தார்கள்? சத்தியமாக வேறு யாருமில்லை, நானேதான்!

மறுநாள் ராத்திரி பாத்திரங்களைக் கூடத்தில் நடுவாக வைத்துவிட்டு, நானும் தட்டோடு உட்கார்ந்தேன். நாத்தனார் வீட்டிலிருந்து அன்றுதான் வந்திருந்த மாமியார் என்ன சொல்வாரோ என்று உள்ளூர ஒரே பயம். அவர் பாட்டுக்குக் கரண்டியை எடுத்துக் குழம்பு ஊற்றிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "நான் இந்த வீட்டுக்கு வந்து சூடா சாப்பிட்டதே இல்லம்மா. நீயாவது சாப்பிடு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. தினமும் சாயங்காலம் அரைமணி தெருவில் நடக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிஷமாவது நடக்கவேண்டும் என்றுதானே டாக்டர்கள் சொல்கிறார்கள்? வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே குறைந்திருக்கிறது. (வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப் போனாலோ கைவைத்தியம் வேண்டாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.)

சகோதரிகளே, இன்று ராத்திரி உங்கள் தட்டையும் மற்றவர்கள் தட்டோடு சேர்த்து எடுத்து வையுங்களேன்!