குர்துபாவில் குழந்தைகளோடு: புலம்பலா, படிப்பினையா?

பூமியில் பயணம் செய்து, முன் சென்றோரின் நிலையைச் சிந்திக்குமாறு இறைமறை பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. ஐரோப்பாவில் குடியேறிய நம் குடும்பங்களுள் சில, விடுமுறை நாள்களில் ஸ்பெயினின் குர்துபா நகரைக் காணச் செல்கின்றன. நல்ல பயணமே. ஆயினும், உடன்வரும் ஐந்து வயதுப் பிள்ளை அங்கிருந்து எதைச் சுமந்து திரும்புகின்றது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்நகரின் பெரிய பள்ளிவாசலுக்குள் நுழைந்ததும் நம்மவர் பலர் புலம்பத் தொடங்குகின்றனர். "எல்லாம் நம்முடையதாய் இருந்தது, பறித்துக்கொண்டார்கள்" என்று பிள்ளைகளிடம் கூறுகின்றனர். பிஞ்சு நெஞ்சில் அப்போது கட்டடத்தின் அழகு பதிவதில்லை. யார் மீதோ கசப்பு பதிகின்றது. மேலும், அது முழு வரலாறும் அன்று.

8ஆம் நூற்றாண்டில் அப்பள்ளியைத் தொடங்கிய முதலாம் அப்துர் ரஹ்மான், உயிர் தப்பி வந்த ஓர் அகதி. அவருடைய குடும்பத்தாரைக் கொன்றொழித்த அப்பாஸியரும் முஸ்லிம்களே. அவர் நிறுத்திய தூண்களுள் பல, ரோமானியரும் விசிகோத்தியரும் விட்டுச்சென்ற பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. நகருக்கு வெளியே இருந்த மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரம், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவரின் உள்நாட்டுப் போரிலேயே சூறையாடப்பட்டது. 1236இல் குர்துபா மூன்றாம் பெர்டினாண்டு மன்னரிடம் வீழ்ந்தபின் பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523இல் அதன் நடுப்பகுதியை இடித்துப் பேராலயம் எழுப்ப முற்பட்டபோது, அதைத் தடுக்க முனைந்தது கிறிஸ்தவர்களின் நகர மன்றமே. இவை அனைத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நீதி.

"வாப்பா, இங்கே நாம் ஏன் தொழக் கூடாது?" என்று பிள்ளை கேட்கும். "இன்று இது தேவாலயம், இதன் பொறுப்பாளர்கள் அதற்கு அனுமதிப்பதில்லை. பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது, வேறிடத்தில் தொழுவோம்" என்று அமைதியாக விடை கூறலாம். காவலருடன் வாக்குவாதம் செய்யும் தந்தையைப் பிள்ளை அங்கே காண வேண்டியதில்லை.

பிள்ளைக்குக் காட்ட வேறு எவ்வளவோ உண்டு. 850க்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் வளைவுகள். எண்ணத் தெரிந்த பிள்ளை எண்ணட்டும். முற்றத்தில் ஆரஞ்சு மரங்களும் நீர் ஓடும் வாய்க்கால்களும் உள்ளன. அப்பழத்தை ஸ்பானியர் 'நரன்ஹா' என்பர், அரபியில் 'நாரன்ஜ்'. அச்சொல்லின் வேர் நம் நாரத்தையோடு உறவுடையது என மொழியியலாளர் பலர் கருதுகின்றனர். அருகே ஓடும் குவாதல்கிவிர் ஆற்றின் பெயர், 'வாதில் கபீர்' என்பதன் திரிபு. பெரிய ஆறு என்பது பொருள். மதரஸாவில் 'கபீர்' என்ற சொல்லைக் கற்ற பிள்ளை, அதை அயல்நாட்டு ஆற்றின் பெயரில் கண்டுகொள்ளும் மகிழ்ச்சியை எந்தப் புலம்பல் தரும்?

அங்கே கோடை வெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. காலையில் ஓரிடம் பார்த்து, நண்பகலில் பிள்ளைகளை உறங்கவிட்டு, மாலையில் ரோமானியப் பாலத்தில் நடந்தால் போதும். சீட்டு வாங்கிவிட்டோமே என்று, அழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு அலைவது சுற்றுலா ஆகாது. ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையையே சுருக்கியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்). பயணிக்குத் தொழுகையில் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. நம் பயணத் திட்டம் தொழுகையினும் பெரிதன்று.

ஆட்சிகள் வரும், போகும். பிள்ளையின் நெஞ்சில் நாம் ஊன்றியது நிலைக்கும். நம் பயணங்களை அல்லாஹ் கசப்பற்ற படிப்பினையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.