மாமல்லபுரத்தில் ஒரு ராத்திரி தங்குவோமே!

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

கல்விச் சுற்றுலா என்றால் நம்ம ஆட்களுக்கு ஒரே கணக்குதான். விடியற்காலை பஸ் ஏறு, பாட்டைப் போடு, பதினொரு மணிக்கு மாமல்லபுரம், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவது மாதிரி ஒரு போட்டோ, சாயங்காலம் திரும்ப பஸ். இதில் கல்வியும் இல்லை, சுற்றுலாவும் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. அங்கே ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். ரிசார்ட்டில் அல்ல. ஒத்தவாடைத் தெருவிலும் பக்கத்துச் சந்துகளிலும் கீழே குடும்பம் இருந்துகொண்டு மாடியில் நாலு ரூம், ஆறு ரூம் வாடகைக்கு விடுகிறார்களே, அந்த மாதிரி லாட்ஜில்.

"ஏ.சி. இருக்குமா? டி.வி. இருக்குமா?" என்று கேட்கிற நண்பர்களே, சில வீடுகளில் இரண்டும் இருக்கிறது. அந்த ஏ.சி.யின் வெளிப்பெட்டியைப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். உப்புக் காற்றில் அதன் தகடுகள் அரித்துப் போயிருக்கும் விதத்தை எந்த லேபிலும் காட்ட மாட்டார்கள். நான் தங்கிய வீட்டில் கதவுக் கீல் எல்லாம் பித்தளை. "இரும்புன்னா ரெண்டு வருஷம்கூடத் தாங்காது தம்பி" என்றார் அந்த வீட்டு அக்கா. பெரிய ஓட்டலில் பழுது எதுவும் நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுவார்கள். இங்கே பிளம்பர், எலெக்ட்ரீஷியன், மேனேஜர் எல்லாம் ஒரே அண்ணன். கேட்டால் மொட்டை மாடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்.

சிவில் மாணவனாகச் சொல்கிறேன். ஐ.எஸ். 456 (2000) கடற்கரைப் பகுதியைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர், குறைந்தது எம்30 கான்கிரீட் என்று சொல்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். அந்தத் தெருவில் பழைய பால்கனி ஒன்றின் அடியில் கம்பி துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைப் பட்டை பட்டையாகப் பெயர்த்துத் தள்ளியிருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அந்த 45 மறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால், ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கடற்கரைக் கோயில் கம்பியே இல்லாமல் 1,300 வருடமாக நிற்கிறது! அதையும் உப்பு விடவில்லை, சிற்பங்கள் மழுங்கித்தான் போயிருக்கின்றன. அலையைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டி, சவுக்கு நட்டுக் காப்பாற்றுகிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்த மழுங்கல் நன்றாகத் தெரியும். பதினொரு மணி பஸ்காரனுக்கு அது கிடைக்காது.

அந்தக் குடும்பங்களின் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். பெருமைதான். ஆனால் 2010 சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இதற்கு முன்பே, 1991 முதல், கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு. சட்டம் வேண்டும், இல்லாவிட்டால் கோயில் வாசலிலேயே அடுக்குமாடி வந்துவிடும். ஆனால் வக்கீலும் ஆர்க்கிடெக்டும் வைத்துக்கொண்டு ஓடுகிற கம்பெனிக்கும், இருக்கிற பாத்ரூமை ரிப்பேர் செய்ய நினைக்கிற குடும்பத்துக்கும் ஒரே மனு, ஒரே அலைச்சல் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சின்ன ரிப்பேருக்கு அந்த ஊரிலேயே விண்ணப்பம் வாங்கிச் சீக்கிரம் பதில் சொல்ல ஏற்பாடு வேண்டும்.

2004-ல் சுனாமி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகச் சின்னங்களை மூடினார்கள். பெரிய ஓட்டலுக்கு வேறு ஊரில் கிளை இருக்கும், இவர்களுக்கு இந்த மாடி ஒன்றுதான். ஆன்லைனில் புக் பண்ணினால் அதிலும் ஒரு பங்கு கமிஷனாகப் போய்விடும். அதனால் நேரே போன் போட்டுப் பேசுங்கள்.

இனி கசப்பான விஷயம். "ஸ்டூடண்ட்ஸுக்கு ரூம் கிடையாது" என்று சில இடங்களில் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். கோபம் வருகிறது, சரி. ஆனால் நாலு பேருக்கு ரூம் எடுத்துப் பத்துப் பேர் படுப்பது, நடுராத்திரி வராந்தாவில் கூச்சல், பீர் பாட்டில், இதெல்லாம் யார் செய்த வேலை? கீழே பாட்டி தூங்குகிறாள், பிள்ளைக்கு மறுநாள் பள்ளிக்கூடம். ரிசார்ட்டில் உடைந்த கண்ணாடி கணக்கில் ஒரு வரி, இங்கே அந்த வார வருமானம்.

"நாற்பது பேரை எப்படிப்பா சின்ன லாட்ஜில் தங்க வைப்பது?" என்று பேரவையில் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஒரே தெருவில் நாலு வீடாகப் பிரிக்கலாம். மாணவியருக்கு முழு வீடாக ஒன்று எடுத்து, கூட வரும் மேடத்தையும் அங்கேயே தங்க வைக்கலாம். ஐ.டி. கார்டு நகலும் பெயர்ப் பட்டியலும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் பயம் இருக்காது.

டிசம்பர் முதல் மார்ச் வரை சீசன், ரூம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் பல ரூம்கள் காலியாகக் கிடக்கும், பேரம் பேசலாம். வடகிழக்குப் பருவமழைக்கும் நாள் இருக்கும். டூர் கமிட்டி தேதி குறிப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் கவனிக்கட்டும். முதல் போனை வேண்டுமானால் நானே போடுகிறேன்.