யு.எஸ்.பி.க்கு கே.ஒய்.சி. கிடையாது!



போன வாரம் எங்க கிளைக்கு ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். இங்கே வடோதராவில் மகன் வீட்டில் இருக்கிறாராம். கையில் ஒரு பென் டிரைவ். "தம்பி, இதுல என் பென்ஷன் பேப்பர் இருக்கு. ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்களேன்" என்றார். முடியாது என்றேன். "நம்ம ஊர் ஆளாச்சேன்னு கேட்டேன்..." என்று முகம் வாடிப் போய்விட்டார். அன்று ராத்திரி எனக்கு சோறு இறங்கவில்லை. ஆனாலும் மறுத்தது சரிதான் என்பது என் கட்சி.

நான் பி.காம். படித்த காலத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் மவுஸுக்கு ஒரு ஓட்டை, பிரிண்டருக்கு நீளமாய் ஒன்று, மோடத்துக்கு வேறொன்று இருக்கும். 1996-ல் வந்த யு.எஸ்.பி. எல்லாவற்றையும் ஒரே வகை இணைப்பாக்கியது. ஹப் போட்டுக் கிளை பிரித்தால் 127 கருவிகள் வரை மாட்டலாம். அதே வயரில் கரண்டும் போகும். இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இன்டெல்லில் இருந்த அஜய் பட். இதே வடோதராக்காரர்!

வம்பு எங்கே என்றால், மாட்டியதும் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கும். கருவி "நான் பிரிண்டர்", "நான் கீபோர்டு" என்று தானே சொல்லிக்கொள்ளும். கம்ப்யூட்டரும் பெரும்பாலும் அப்படியே நம்பிவிடும். பென் டிரைவ் ஒன்று கீபோர்டு வேஷம் போட்டு, தானே கட்டளைகளை டைப் அடிக்க முடியும் என்று பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் செய்தே காட்டினார்கள். "நான் உங்க பெரியப்பா பையன்" என்று வந்து நின்றவனிடம் லாக்கர் சாவியைக் கொடுத்த மாதிரி! ஒரு கணக்கு தொடங்கவே ஆதார், பான் என்று நாங்கள் உங்கள் உயிரை எடுக்கிறோம் :-)

பெரியவர் மேல் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பென் டிரைவ் அதற்குமுன் எந்தெந்தக் கடையில் நுழைந்து வந்ததோ, அவருக்கே தெரியாது.

லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்களும் கவனியுங்கள். ஸ்டேஷனில் இருக்கும் யு.எஸ்.பி. ஓட்டையில் போனை நேராக மாட்டாதீர்கள். ரிசர்வ் வங்கியே 2022-ல் வெளியிட்ட கையேட்டில் இதை எச்சரித்திருக்கிறது. சொந்த சார்ஜரைப் பிளக் பாயிண்டில் மாட்டினால் கரண்ட் மட்டும்தான் வரும்.

பெரியவர் விஷயத்தில் என் தப்பும் உண்டு. உட்காரவைத்து, காரணத்தைத் தமிழில் நிதானமாகச் சொல்லி, மகனை மெயிலில் அனுப்பச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?