பூட்டியவர்களைக் கேளுங்கள்!



ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவன்மீது ஒரு பழி எப்போதும் தயாராக இருக்கிறது. நோயைக் கொண்டு வருகிறவன் அவன்தான் என்ற பழி. அதை நாமும் கேட்டிருக்கிறோம்; பிலிப்பைன்ஸ் தொழிலாளிகளும் கேட்டிருக்கிறார்கள். கப்பலிலும் ஆஸ்பத்திரியிலும் அரபு நாட்டு வீடுகளிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புகிற மக்கள் அவர்கள். வளைகுடா வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளைப் போலவே அவர்களும் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறார்கள். எச்.ஐ.வி. இருந்தால் விசா கிடையாது. போன பிறகு தெரிந்தால் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். ஆகவே அவர்கள் கதை நமக்கு அன்னியக் கதை அல்ல.

அந்த நாட்டில் முதல் எய்ட்ஸ் நோயாளி 1984ல் கண்டறியப்பட்டார். பல ஆண்டுகள் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. ஆனால் 2025ம் ஆண்டின் முதல் 3 மாதங்களில், நாள் ஒன்றுக்குச் சராசரி 57 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது புதிதாகப் பதிவானது. பெரும்பாலோர் இளவயது ஆண்கள். ஆணோடு ஆண் கொள்ளும் உறவில் தொற்றியதே அதிகம். ஒழுங்காக அணிந்தால் ஆணுறை இதைத் தடுக்கும். அப்படியிருந்தும் ஏன் அணியவில்லை? "பொறுப்பற்ற பிள்ளைகள்" என்கிறார்கள் பெரிய மனிதர்கள். இதை நாங்கள் ஒப்பமாட்டோம். உறையைப் பூட்டி வைத்தவர் யார் என்று கேட்கிறோம்.

முதல் பூட்டு நகராட்சி போட்டது. 2000ல் மணிலா மேயர் லிட்டோ அட்டியென்சா ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்பின் நகர மருத்துவ நிலையங்களில் ஏழைக்கு ஆணுறையும் இல்லை, கருத்தடை மாத்திரையும் இல்லை. காசுள்ளவன் கடையில் வாங்கினான். கூலிக்காரன் மனைவி வெறுங்கையோடு திரும்பினாள். இது பெண்களின் உரிமை மீறல் என்று 2015ல் ஐ.நா. குழுவே சொன்னது.

இரண்டாவது பூட்டு ஆயர்களுடையது. 10 பேரில் ஏறத்தாழ 8 பேர் கத்தோலிக்கராக உள்ள நாடு அது. மக்களின் பக்தியை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் பிரசங்க மேடையிலிருந்து சட்டசபையை மிரட்டுவது பக்தியா? குடும்ப நலச் சட்டம் பத்தாண்டுக்கு மேல் இழுபட்டு 2012ல்தான் நிறைவேறியது. 2013ல் உச்சநீதிமன்றம் தடை போட்டது. 2014ல்தான் பெரும்பகுதி செல்லும் என்றது. பள்ளிகளில் ஆணுறை வழங்கச் சுகாதாரத் துறை போட்ட திட்டத்தை 2017ல் கல்வித் துறை நிராகரித்தது.

மூன்றாவது பூட்டு போலீசுடையது. பையில் உறை இருந்தால் அதுவே விபசாரத்துக்குச் சாட்சி என்றால், எந்தப் பெண் அதைக் கையில் வைத்திருப்பாள்? எச்.ஐ.வி. தடுப்புப் பணி நடக்குமிடங்களில் ஆணுறை இருப்பதைக் காரணம் காட்டிச் சோதனை போடக்கூடாது என்று 2018ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது!

அதே 2018ல் நாட்டின் அதிபர் துதெர்தே என்ன செய்தார்? வெளிநாட்டிலிருந்து திரும்பிய தொழிலாளிகள் முன்னால், ஆணுறையில் சுகமில்லை என்று பேசினார். மிட்டாயைக் காகிதத்தோடு தின்பது போல என்று கேலி செய்தார். நாட்டின் தலைவரே கேலி செய்யும் பொருளைக் கடையில் கேட்டு வாங்க எந்த இளைஞன் துணிவான்?

வெட்கம் உண்டு. குடிபோதை உண்டு. 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டு வாயடைக்கும் காதலனும் உண்டு. இவற்றை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வெட்கம் மாறாத விதியா? நம் நாட்டில் 1968ல் அரசாங்கம் நிரோத்தைக் கடைகளுக்குக் கொண்டுவந்து, 15 பைசாவுக்கு 3 என்று விற்றது. அன்று வெட்கப்பட்டவர்களும் வாங்கினார்கள். தாய்லாந்தைப் பாருங்கள். விபசார விடுதிகளில் உறையைக் கட்டாயமாக்கி, விடுதிக்காரனையே பொறுப்பாளியாக்கியது அந்த அரசு. 1989ல் அவ்விடங்களில் 100க்கு 14 என்றிருந்த ஆணுறைப் பழக்கம், 1993ல் 94 ஆயிற்று. நான்கு வருஷத்தில் தாய்லாந்துக்காரன் குணமா மாறிவிட்டது? அரசின் குணம் மாறியது!

இனி நம் வீட்டைப் பார்ப்போம். இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986ல், நம் சென்னையில்தான். வடக்கே பத்துப் பேர் ஓர் அறையில் தங்கிப் பிழைக்கும் நம் இளைஞர்களிடம் இதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஊரில் காத்திருக்கும் மனைவிக்குக் கேட்கிற தைரியத்தை யார் கொடுத்தோம்? மகனிடம் பேச நமக்கே நா எழவில்லை. பிலிப்பைன்ஸ் ஆயர்களைக் குறைசொல்லும் முன், நம் வாயில் நாமே போட்ட பூட்டைக் கழற்றுவோம்.

தொழிலாளர் தங்குமிடங்களிலும் ரயில் நிலைய மருந்தகங்களிலும் ஆணுறை இலவசமாக, கேள்வியின்றிக் கிடைக்கவேண்டும். பரிசோதனை முடிவு ரகசியமாக இருக்கவேண்டும். நோய் வந்தவர் தினமும் மருந்து எடுத்தால் நெடுங்காலம் வாழலாம். அவரை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் விரட்டக்கூடாது. சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள், தாய்மார்களும் இருக்கும்போதே பேசுங்கள். பேசக் கூசுவதற்கு விலையாக இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கொடுக்கப் போகிறோம்?