உமணர் வண்டிக்கு இருந்த கூரை

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலையைக் கடப்போர் இருவகை லாரிகளைக் காணலாம். ஒன்று, சுற்றுவட்டாரக் கல்குவாரிகளின் ஜல்லியைச் சுமப்பது. மற்றொன்று, மரக்காணத்து உப்பளங்களிலிருந்து உப்பு மூட்டைகளை ஏற்றி வருவது. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய பாறை அந்தி சாய்ந்த பின்னும் அதனை உமிழும் நிலம் இது. அக்கினி நட்சத்திர நாள்களில் அந்த லாரிகளின் கேபினுக்குள் அமர்ந்திருப்பவர் படும் பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய லாரிகளின் கூரையில் குளிர்சாதனம் பொருத்துவதென்பது ஆடம்பரம் பற்றிய பேச்சன்று, வேலைச் சூழல் பற்றிய பேச்சு என்பதே நம் கருத்து.

இச்சாலைக்குப் பழமை உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மானாடு இதுவே. கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது; எயிற்பட்டினம் மரக்காணத்தை அடுத்த கடற்கரை என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரின் வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை நுணுக்கமாக விவரிக்கிறது. ஆரைப்புல் வேய்ந்த கூரை, வாயிலில் கோழிக்கூடு, கட்டித் தொங்கவிட்ட சிற்றுரல், ஊறுகாய்க் கலம், கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டும் பெண் என விரிகிறது அக்காட்சி. மேலைநாட்டார் ‘கேம்பர்’ என்று அழைக்கும் வீட்டு வண்டிக்குத் தமிழில் இதைவிடப் பழைய சான்று வேண்டுமோ? அவ்வண்டியில் கூரை வேய்ந்தவர் உப்பை மட்டுமின்றி, உடன் செல்லும் மனிதரையும் நினைத்திருக்கிறார்.

லாரியும் ஒரு வீட்டு வண்டிதான். ஓட்டுநரும் கிளீனரும் அதிலேயே உண்டு, உறங்கி, நாள் கணக்கில் வாழ்கின்றனர். ஆனால் அவர்தம் தலைக்கு மேலிருப்பது பெரும்பாலும் வெறும் தகரம். மத்திய அரசு 2023 டிசம்பரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். வரவேற்கத் தக்க விதி. எனினும் அது புதிய வண்டிகளுக்கு மட்டுமே. அதற்கு முன் சாலைக்கு வந்தவை இன்னும் பல ஆண்டுகள் ஓடும். பழைய வண்டியின் வெப்பமே மிகக் கொடியது.

காரணம் அதன் அமைப்பில் உள்ளது. முகப்பும் சேசிஸுமாக வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பாடி கட்டிய லாரிகளில் எஞ்சின் பெரும்பாலும் ஓட்டுநரின் பக்கத்திலேயே மூடியிட்டு அமர்ந்திருக்கும். மேலே வெயில், பக்கத்தில் எஞ்சின். ஆகவே இயந்திரம் வாங்குமுன் செய்ய வேண்டியவை சில உள்ளன. எஞ்சின் மூடிக்கு வெப்பத் தடுப்பு விரிப்பு இட வேண்டும். கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசி, உட்புறம் தடுப்புப் பலகை அடிக்க வேண்டும். கதவு இடுக்குகளை அடைக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் பொருத்தும் குளிர்சாதனம் ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரே. நீர் ஆவியாதலால் குளிர்விக்கும் மலிவான கூலர் போதாதா எனலாம். வறண்ட இராஜஸ்தானத்தில் அது பயன்படும்; மரக்காணத்தின் ஈரக் கடற்காற்றில் புழுக்கத்தையே கூட்டும்.

அடுத்தது மின்கணக்கு. எஞ்சினால் சுழலும் கம்ப்ரசர், எஞ்சின் நின்றதும் நின்றுவிடும். குவாரி வரிசையிலும் சாலையோர உறக்கத்திலும் துணை நிற்பது, பேட்டரியில் இயங்கும் கூரைச் சாதனமே. 24 வோல்ட்டில் 720 வாட் இழுக்கும் ஒரு சாதனத்துக்கு 30 ஆம்பியர் வேண்டும். 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டுமே செலவிடுவது நல்லதென்றால், கிடைப்பது இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் ஓட்டினால் விடியற்காலையில் வண்டி கிளம்பாது. எனவே தனிப் பேட்டரியும், மின்னழுத்தம் குறைந்தால் தானே நிறுத்தும் அமைப்பும் தேவை. சாதனத்தின் எடையையும் குழிச்சாலை அதிர்வையும் தாங்கக் கூரையின் அடியில் இரும்புச் சட்டம் வேண்டும். துளையைச் சுற்றி ரப்பர் விளிம்பு சரியாக அமையாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கும்.

‘குளிர் பட்டால் டிரைவர் தூங்கிவிடுவார்’ என்பது நெடுநாளைய வாதம். குளிரூட்டிய காரில் சென்னைக்கு ஓட்டிச் செல்லும் நாம் நம்மைப் பற்றி அவ்வாறு ஐயுறுவதில்லை. உறக்கத்துக்கு மருந்து உறக்கமே, புழுக்கம் அன்று. வெப்பத்தில் இரவுத் தூக்கம் கெட்டவரே பகலில் சக்கரத்தின் பின்னால் கண்ணயர்கிறார்.

செலவு பற்றிய வாதம் மட்டும் மெய்யானது. ஒற்றை லாரியைக் கடனில் ஓட்டுபவரிடம் இதையும் உன் தலையில் போட்டுக்கொள் என்பது அறமாகாது. பழைய வண்டிகளுக்கு ஏற்ற பொருத்துமுறையை அரசு வகுத்து வெளியிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாறுதல்களுக்கு இடும் கட்டுப்பாட்டால் எஃப்.சி.யின்போது சிக்கல் எழாதவாறு தெளிவுபடுத்தலாம். குறைந்த வட்டிக் கடனுக்கு வழி செய்யலாம். சரக்கின் விலையில் டீசலும் சுங்கமும் அடங்குவதுபோல் ஓட்டுநரின் நிழலும் அடங்கட்டும். அந்த ஜல்லியால் வீடு கட்டுபவரும் அந்த உப்பை உண்பவரும் நாம்தாமே. அதில் ஒரு சிறு பங்கை ஏற்பது நமக்குப் பெரும் சுமையாகாது.