வரிசைப்படுத்தும் வழியிலும் அந்தரங்கம் உண்டு

ஜூஜூவாடியில் தமிழகம் முடிந்து அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்கும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஓசூர் சிப்காட் வளாகங்களில் மோட்டார் சைக்கிளும் லாரியும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் எழுந்து ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. அண்மையில் கைப்பேசிப் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும் செய்யும் பெருந்தொழில்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தபின், பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட் போன்ற தூர மாநிலங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் இங்கே வந்து விடுதிகளில் தங்கி உழைக்கிறார்கள். இத்தகைய ஆலைகளில் தொழிலாளியின் கைரேகை, சம்பளம், ஓவர்டைம், விடுப்பு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் கணினியில் ஏறுகின்றன. அக்கணினியோ பல வேளைகளில் எங்கோ ஓரிடத்தில் வாடகைக்கு எடுத்த பிறர் இயந்திரம்.

அத்தரவை மறையீடு செய்து வைத்துவிட்டால் கவலையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை முழுமையானதன்று. பட்டியலை வரிசைப்படுத்தும் சாதாரண முறைகளில் ஒவ்வொரு ஒப்பீட்டின் விடையைப் பொறுத்தே அடுத்த அடி அமைகிறது. ஆகவே, எழுத்து எதையும் படிக்க இயலாதவன்கூட, நினைவகத்தின் எந்த அறை எப்போது தொடப்பட்டது, வேலை எவ்வளவு நேரம் பிடித்தது என்பவற்றைக் கவனித்தே உள்ளிருக்கும் வரிசையை ஓரளவு ஊகித்துவிடலாம். சென்ற மாதப் பட்டியலை இம்மாத ஓவர்டைம் கணக்கின்படி ஒவ்வொன்றாகச் செருகி அடுக்கும்போது, வேலை சீக்கிரம் முடிந்தால் ஒழுங்கு அதிகம் மாறவில்லை என்பது வெளியே நிற்பவனுக்குத் தெரிந்துவிடுகிறது. மறைத்த நிலையிலேயே கணக்கிடும் நவீன முறைகளிலோ சிக்கல் இன்னும் ஆழமானது: ஒப்பீட்டின் விடையே கணினிக்குத் தெரியாதபோது, அடுத்து எவ்வழி செல்வதென்று அது எவ்வாறு தீர்மானிக்கும்?

இதற்குரிய பரிகாரம், எந்த இரண்டு இடங்களை எப்போது ஒப்பிட வேண்டும் என்பதைத் தரவைப் பாராமலே முன்கூட்டி வகுத்துவிடுவது. சிறியது மேலே, பெரியது கீழே என்பதொன்றே ஒவ்வொரு ஒப்பீட்டு முனையின் கடமை. வருவது எதுவாயினும் பாதை மாறாது. இதற்கு வரிசையாக்க வலை என்று பெயர். இத்துறையின் ஆதிக் கட்டுரைகளுள் ஒன்றை 1962இல் நெல்சன் என்பவருடன் சேர்ந்து எழுதியவர் நம் நாட்டவரான ராஜ் சந்திர போஸ். 1901இல் ஹோஷங்காபாத்தில் பிறந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, பின்னர் அமெரிக்கா சென்ற இக்கணித மேதையை, ஆய்லரின் நெடுங்கால ஊகமொன்றை ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து 1959இல் பொய்ப்பித்ததற்காகவே உலகம் பெரிதும் நினைவுகூர்கிறது. இந்த இன்னொரு பங்களிப்பையும் நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

எட்டு எண்களை அடுக்க போஸ் முறைக்கு 19 ஒப்பீடுகள் போதும். அமெரிக்காவின் குட்இயர் ஏரோஸ்பேஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கென் பேட்சர் 1968இல் வெளியிட்ட முறைக்கும் அதே 19தான். ஆனால் எண்ணிக்கை 1024 ஆகும்போது முன்னதற்கு 58,025 ஒப்பீடுகள் வேண்டும், பேட்சருக்கு 24,063. இவ்வலைகளின் சரிபார்ப்பிலும் ஓர் அற்புதம் உண்டு. எட்டு எண்கள் 40,320 விதமாக நிற்கக்கூடும். எனினும் பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே கொண்ட 256 வரிசைகளை ஒரு வலை பிழையின்றி அடுக்கிவிட்டால், எல்லா எண்களையும் அது அடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை.

செலவு கூடுகிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. வழக்கமான இணைப்பு வரிசையாக்க முறையில் 1024 பெயர்களுக்கு 9,217 ஒப்பீடுகளுக்கு மேல் தேவைப்படா. ஆனால் ஒன்றையொன்று பாதிக்காத ஒப்பீடுகளை ஒரே வேளையில் நடத்தும் வசதி இருப்பின், பேட்சரின் வலை 55 சுற்றுகளில் முடிந்துவிடும். இணை வேலைக்கென்றே அமைந்த இன்றைய சில்லுகளுக்கு இது வெகு இசைவானது. பெயர்கள் எத்தனை என்பதை இம்முறை மறைக்காது. மறையீட்டுச் சாவியைக் கவனமின்றி வைப்பவனையும் இது காப்பாற்றாது. வரிசைப்படுத்தும் வழியில் கசியும் இரகசியத்தை அடைப்பது மட்டுமே இதன் வேலை. அதைப் பூரணமாகச் செய்கிறது.

கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. பிறர் இயந்திரத்தில் கைரேகையையும் மருத்துவக் குறிப்பையும் வைத்திருக்கும் ஓர் ஆலை, அவற்றைக் கையாளும் வழி கசிகிறதா என்று சோதித்துப் பாராமலே காப்பு செய்துவிட்டதாகச் சொல்வதை நியாயமென்று நான் ஏற்கமாட்டேன். வீட்டை விட்டு நெடுந்தூரம் வந்து, படிவத்தில் கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு, தன் தரவு எங்கே செல்கிறதென்று கேட்கும் நிலை பெரும்பாலும் இருப்பதில்லை. அவள் சார்பில் பிறர்தான் கேட்க வேண்டும்.

பர்கூர் அரசு பொறியியற் கல்லூரி இதே மாவட்டத்தில் 1994 முதல் இயங்கி வருகிறது. அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் போஸையும் பேட்சரையும் கற்று, இவ்வட்டார ஆலைகளுக்கு ஏற்ற நிரலை எழுதி எல்லோரும் எடுத்தாளும்படி பொதுவில் வைக்க முன்வரட்டும். ஆலை நிர்வாகங்கள் அதற்குப் பொருளும் ஊக்கமும் அளிக்கட்டும். தொழிலாளர் துறை, விடுதியில் குடிநீரையும் கழிப்பிடத்தையும் சோதிக்கும் அக்கறையோடு தரவுக் காப்பையும் சோதிக்கட்டும்.